கழுத்துவலிக்குப் பயிற்சி: நேரிலா, திரையிலா?



நமது மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவைப் பற்றி எழுதும்போதெல்லாம் உங்களிடமிருந்து இரண்டு விதமான கடிதங்கள் வருகின்றன. எல்லாமே செல்போனில் வந்துவிட்ட இந்நாட்களில், குளத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கழுத்துவலிக்காரர்களை இரண்டு பஸ் மாறி வரச்சொல்வானேன், பயிற்சியைப் போன் வழியாகவே கற்றுக்கொடுத்துவிடலாமே என்று கேட்கிறவர்கள் ஒரு சாரார். கை வைத்துப் பார்த்து, பக்கத்தில் நின்று கவனிப்பதல்லவா மிஷன் ஆஸ்பத்திரியின் வழக்கம், பிணியாளரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டால் அது என்ன வைத்தியம் என்று வருந்துகிறவர்கள் மற்றொரு சாரார். இரண்டுமே நியாயமான கேள்விகள். உங்கள் காணிக்கை எதற்குச் செலவாக வேண்டும் என்பதும் இவற்றில் அடங்கியிருக்கிறது. ஆகையால் இந்த இதழில் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறோம்.

கழுத்துவலி என்றதும் பட்டணத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர்களின் வியாதி என்று பலரும் எண்ணுகிறார்கள். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. கரிசல் காட்டில் பருத்தி எடுக்கிறவர்களும், மிளகாய்ப் பழம் பறிக்கிறவர்களும், உளுந்துக்குக் களை எடுக்கிறவர்களும் இடுப்பை வளைத்து, தலையை மட்டும் நிமிர்த்திக்கொண்டு மணிக்கணக்கில் நகருகிறார்கள். பிடரி அப்படியே மடங்கி நிற்கிறது. சீமைக்கருவேல விறகு வெட்டிச் சுமப்பவர்கள் உண்டு. சும்மாடு கோலித் தலையில் குடம் சுமந்தே முப்பது நாற்பது வருஷம் கழித்த பெண்கள் உண்டு. கடற்கரைப் பக்கம் போனால் உப்பளத்தில் உழைத்துப் பழகிய கழுத்துகள். கோவில்பட்டிப் பக்கம் போனால் தீப்பெட்டி ஆபீஸ். இப்போது இயந்திரங்கள் நிறைய வந்துவிட்டபோதிலும், கட்டையில் குச்சி அடுக்கியும் வீட்டில் பெட்டி ஒட்டியும் குனிந்தே வளர்ந்த ஒரு தலைமுறைப் பெண்கள் இன்று ஐம்பதைத் தாண்டி வலியோடு வருகிறார்கள். இவர்களோடு இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் போனைக் குனிந்து பார்த்தே பிடரி இறுகிப்போன கல்லூரிப் பிள்ளைகள்.

இது நம் ஊர்க் கஷ்டம் மட்டுமல்ல. உலக அளவில் வியாதிகளைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்கள், 2020-ம் ஆண்டில் 20 கோடியே 30 லட்சம் பேர் கழுத்துவலியோடு இருந்தார்கள் என்றும், 2050-ல் அது ஏறத்தாழ 27 கோடியாகக்கூடும் என்றும் கணித்திருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் என்பது அந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது.

மனிதனின் தலை ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ எடை. அதைத் தாங்குவது ஏழே எலும்புகள். (ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழு எலும்புகள்தாம். சிருஷ்டிகரின் சிக்கனத்தை எண்ணி நாங்கள் வியப்பதுண்டு.) எலும்புகள் தாமாக நிற்பதில்லை. கன்வென்ஷன் பந்தலின் நடுக்காலை நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி நிறுத்துகிறோம் அல்லவா, அதுபோலக் கழுத்தின் முன்னும் பின்னும் தசைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. தலை முன்னால் சாய்ந்தே இருந்தால் பின்பக்கக் கயிறுகள் ஓயாமல் இழுபட்டு இறுகிவிடும். முன்பக்கத்தில், தொண்டைக்குப் பின்னே ஆழத்தில் இருக்கிற சிறு தசைகள் வேலையில்லாமல் தளர்ந்துவிடும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஒருவர் 2014-ல் வெளியிட்ட கணக்கின்படி, தலையை 60 பாகை குனியும்போது கழுத்தின்மேல் விழும் பாரம் 27 கிலோவுக்குச் சமம். அது கணினியில் போட்ட கணக்கே தவிர ஆட்களை அளந்து பார்த்ததல்ல. என்றாலும் விஷயம் விளங்குகிறது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட கழுத்துவலி என்கிறோம். பெரும்பாலோருக்கு இதற்கு இன்னதென்று சுட்டிக்காட்டக்கூடிய ஒரு காரணம் இருப்பதில்லை. எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் என்று எழுதி வரும். ஆனால் தலை நரைப்பதுபோல், வயதானால் வலியே இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் தேய்மானம் தெரியும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு, எலும்பு மாவாக உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று பயந்து, கழுத்தை அசைக்காமல் வருஷக்கணக்கில் பட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறோம். பட்டையின் தயவில் இளைப்பாறும் தசை மேலும் இளைத்துத்தான் போகும். அசையாமல் காப்பாற்றுவது இந்த வலிக்கு வைத்தியமல்ல, அளவோடு அசைத்து வலுவாக்குவதே வைத்தியம்.

இதற்கு நல்ல சான்று உண்டு. பின்லாந்து தேசத்தில், நாட்பட்ட கழுத்துவலியுள்ள 180 அலுவலகப் பெண்களைக்கொண்டு நடத்திய ஆய்வு 2003-ல் வெளிவந்தது. அவர்களுக்குச் சில நாள் நேரில் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு வீட்டிலேயே ஒரு வருஷம் செய்யச் சொன்னார்கள். கழுத்துத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 73 பேருக்கு வலி பெருமளவு நீங்கியது அல்லது முற்றிலும் நீங்கியது. எடை குறைவான, தாங்கும் சக்தியைக் கூட்டுகிற பயிற்சி செய்தவர்களில் 59 பேர். இவ்விரண்டும் இல்லாமல் உடம்பை நீட்டி மடக்கவும் நடக்கவும் மட்டும் ஆலோசனை பெற்றவர்களில் 21 பேர். டென்மார்க்கில் 2011-ல் வெளியான இன்னொரு ஆய்வு எங்களுக்கு இதைவிடப் பிரியமானது. கழுத்தும் தோளும் அடிக்கடி வலிக்கிற 198 பேரைப் பிரித்து, ஒரு பகுதியாருக்கு ரப்பர் குழாயை இழுக்கும் பயிற்சி தினம் 12 நிமிடமும், மற்றொரு பகுதியாருக்கு வெறும் 2 நிமிடமும் கொடுத்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், பத்து வாரம். இரண்டு சாராருக்குமே வலி குறைந்தது. தண்ணீர் பிடிக்கவும், அடுப்பு மூட்டவும், காட்டுக்கு ஓடவும் நேரம் போதாத ஒரு தாயிடம் தினம் அரைமணி நேரம் கேட்பதும், அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் இரண்டு நிமிடம் கேட்பதும் ஒன்றல்ல.

ஆக, பயிற்சி பலன் தரும் என்பதில் சந்தேகமில்லை. அதைத் தூரத்திலிருந்து கற்றுக்கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி நம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல என்பதை உங்களில் மூத்தவர்கள் நினைவுகூர்வீர்கள். ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மிஷன்கள் கூடி நடத்திய சானடோரியத்துக்கு நம் முன்னோர் காணிக்கை அனுப்பியதுண்டு. நல்ல காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை, இவை இல்லாமல் சுகமில்லை என்று நம்பிய காலம். ஆனால் படுக்கைகள் சில, நோயாளிகளோ பல லட்சம். 1956-ல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து ஒரு மையத்தைத் தொடங்கின. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியாரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்து அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் நெருக்கடியான குடிசைகளில் இருந்தார்கள், சாப்பாடும் குறைவு. ஆனாலும் ஒரு வருஷ முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் சுகமடைந்திருந்தார்கள். வீட்டாருக்கு நோய் பரவியதும் கூடுதலாக இல்லை. 1959-ல் இது வெளியானபின் உலகமெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின.

இந்தச் சரித்திரத்தைச் சொல்லுகிறவர்கள் பலர் அதன் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள். அந்த மையத்தார் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். சொல்லாமல் திடீரென்று போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்த்தார்கள். நல்லவர்களும் படித்தவர்களும்கூட வலி குறைந்ததும் மருந்தை விட்டுவிடுகிறார்கள் என்பதை அவர்கள் அங்கேதான் தெளிவாகக் கண்டார்கள். பிற்காலத்தில் ஊழியர் கண்முன் மாத்திரை விழுங்கும் முறை வந்ததற்கு அந்த அனுபவமும் ஒரு வேர். வீட்டில் வைத்தே சுகப்படுத்தலாம், ஆனால் யாராவது ஒருவர் கதவைத் தட்ட வேண்டும். கழுத்துவலியைப் பற்றி நாங்கள் எதைச் சொல்ல வருகிறோமோ அது இந்த ஒரு வாக்கியத்திலேயே முக்கால்வாசி அடங்கிவிடுகிறது.

திரைவழி வைத்தியம் நம் நாட்டில் எல்லோருக்கும் தெரியவந்தது கொரோனா காலத்தில். 2020 மார்ச் 25-ம் தேதி, ஊரடங்கு தொடங்கிய அன்றே, தூரத்திலிருந்து வைத்தியம் செய்வதற்கான விதிமுறைகள் வெளிவந்தன. ஏப்ரல் மாதத்தில் மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை வீட்டிலிருப்பவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த வருஷ டிசம்பரில் நாடு முழுவதும் பத்து லட்சம் ஆலோசனைகளைத் தாண்டியபோது, தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது. ஆகவே நம் ஜனங்களுக்குத் திரை ஒத்துவராது என்று சொல்லிவிட முடியாது.

பயிற்சி சிகிச்சையில் திரையும் நேரும் சமமா என்று பார்த்த ஆய்வுகளில் பெரியது ஆஸ்திரேலியாவில் நடந்தது. அது கழுத்தைப் பற்றியதல்ல, நாட்பட்ட முழங்கால் வலியைப் பற்றியது. 394 பேரில் ஒரு பாதியினர் பிசியோதெரபிஸ்டை நேரில் போய்ப் பார்த்தார்கள், மறுபாதியினர் வீடியோவில் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வலியிலும் நடமாட்டத்திலும் வீடியோவில் கற்றவர்கள் பின்தங்கவில்லை. 2024-ல் இது வெளியானது. கழுத்துவலியிலும் பல நாடுகளில் சிறிய அளவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பிசியோதெரபிஸ்ட் மறுமுனையில் உயிரோடு பேசிக்கொண்டிருக்க, பிணியாளர் தன் வீட்டில் அதைச் செய்தால், வலி குறைவதில் பெரிய வித்தியாசமில்லை என்ற பக்கமே அவை சாய்கின்றன. "உயிரோடு பேசிக்கொண்டிருக்க" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். யாரோ எங்கேயோ பேசிப் பதிவுசெய்த படத்தைப் போட்டுவிட்டுப் பார்த்துச் செய் என்பது வேறு காரியம்.

திரையால் ஆகாதது ஒன்று உண்டு. அது முதல் நாள் பரிசோதனை. கழுத்துவலியோடு கை மரத்துப்போகிறதா, சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறுகிறதா, நடக்கும்போது கால் பின்னுகிறதா, சிறுநீர் கட்டுப்படாமல் போகிறதா என்று கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, சிறு சுத்தியலால் தட்டி, தசையை அழுத்தி, கையின் வலுவைத் தம் கையால் எதிர்த்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும். இவை தண்டுவடம் நெருக்கப்படுவதின் அடையாளங்கள். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இராத்திரியில் எழுப்புகிற வலி, இவை இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். அது இன்னும் நம் நாட்டைவிட்டுப் போய்விடவில்லை. மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தபின் வந்த வலிக்கு எக்ஸ்ரே பார்க்காமல் பயிற்சியே கூடாது. இவர்களுக்குப் போனில் பயிற்சி சொல்லிக்கொடுப்பது உதவியல்ல, ஆபத்து. நூறு பேரில் இப்படிப்பட்டவர்கள் சிலரே. அந்தச் சிலரைக் கண்டுபிடிக்கத்தான் எல்லோரையும் ஒருமுறையாவது நேரில் வரச்சொல்லுகிறோம்.

இதே இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுப்பதும், சுளுக்கு என்று தலையைப் பிடித்து உலுக்குவதும் வேண்டாம். எண்ணெய் தடவி இதமாக நீவிவிடுவதில் தவறில்லை. ஆனால் வேகமாகத் திருகும்போது மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் எழுதப்பட்டிருக்கிறது.

சரி, முதல் நாள் வந்து பரிசோதனை முடிந்தது. பின்பு? வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று சொல்லுவது எளிது. குளத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு கிராமத்திலிருந்து வருகிற பெண்ணுக்கு அதன் பொருள் என்ன? பஸ் கட்டணத்தைச் சொல்லவில்லை, நகரப் பேருந்தில் இப்போது பெண்களுக்குக் கட்டணமில்லை. போவது கூலி. ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் கரிசல் மண் காலோடு கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வரும், ரோட்டுக்கு வந்து சேருவதற்குள் இருக்கிற வலி இரட்டிப்பாகிவிடும். மூன்றாம் தடவையிலிருந்து அவர்கள் வருவதில்லை. வலி போய்விட்டதால் அல்ல. இந்த இடத்தில்தான் போன் ஒரு கிருபையாகத் தோன்றுகிறது. தோன்றுவது மட்டுமல்ல, பல சமயம் உண்மையாகவே அப்படித்தான்.

ஆனால் போன் யாருடையது? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 54 பேரிடமே தாங்களே உபயோகிக்கிற செல்போன் இருந்தது. இன்டர்நெட்டை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் 33 பேர், கிராமங்களில் 25 பேர். தமிழ்நாடு இதைவிட மேலான நிலையில் இருந்தாலும், எங்களிடம் வருகிற பெண்களில் அநேகர் அந்த வயதையும் கடந்தவர்கள். வீட்டில் ஒரு பெரிய போன் இருக்கும். அது மகனோடு திருப்பூருக்கோ தூத்துக்குடிக்கோ போயிருக்கும், அல்லது பேரன் கையில் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வீட்டுக்கு வரும்போது அவள் அடுப்படியில் நிற்பாள்.

இடம் இன்னொரு கஷ்டம். மல்லாந்து படுத்துச் செய்ய வேண்டிய பயிற்சியை ஒற்றை அறை வீட்டில், மாமியாரும் வளர்ந்த பிள்ளைகளும் பார்த்திருக்க எப்படிச் செய்வது? வேலைவெட்டி இல்லாமல் தலையை ஆட்டிக்கொண்டு கிடக்கிறாள் என்ற பேச்சுக்கு அஞ்சியே விட்டவர்கள் உண்டு. நாங்கள் சாப்ளின் ஊழியத்தில் வார்டுகளில் உட்கார்ந்து கேட்பவர்கள். பிசியோதெரபிஸ்டிடம் சொல்லாததை எங்களிடம் சொல்லுவார்கள். கழுத்துவலி என்று தொடங்குகிற பேச்சு, தூக்கமில்லாமையில் போய், கடனில் போய், குடிக்கிற புருஷனில் போய், வெளியூர் போன மகன் பேசி ஆறு மாதமாயிற்று என்பதில் முடியும். இப்படிச் சொல்லுவதால் வலி பொய், மனசுதான் காரணம் என்று அர்த்தமல்ல. வலி மெய்யானது. நாட்பட்ட வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கக் குறைவு வலியைக் கூட்டுகிறது. துக்கமுள்ளவர்களுக்கு அதே வலி அதிகமாகத் தெரிகிறது, வலியுள்ளவர்களுக்குத் துக்கம் சீக்கிரம் வருகிறது. மருத்துவர்கள் இதை இன்று நன்றாக அறிந்திருக்கிறார்கள். ஆகையால்தான் பயிற்சி சிகிச்சையின் பலனை அளக்கும்போது வலி எவ்வளவு குறைந்தது என்பதோடு, ஆள் எப்படி இருக்கிறார், உற்சாகமாக இருக்கிறாரா என்றும் கேட்கிறார்கள்.

இந்த இடத்தில் டென்மார்க்கில் நடந்த வேறொரு ஆய்வு எங்களுக்கு வழிகாட்டியது. மூன்று ஆஸ்பத்திரிகளில் பதினெட்டுப் பிரிவுகளில் வேலைசெய்த 200 பெண்கள். கழுத்து, தோள், முதுகு வலிகளுக்கான ஒரே மாதிரிப் பயிற்சி. வாரம் ஐந்து தடவை, பத்து நிமிடம், பத்து வாரம். பாதிப் பேர் வேலை நேரத்தில் சக ஊழியர்களோடு சேர்ந்து, ஒருவர் நடத்தச் செய்தார்கள். இன்னும் பாதிப் பேர் வீட்டில் தனியாகச் செய்யும்படி விடப்பட்டார்கள். 2015-ல் வெளியான முடிவு இது: சேர்ந்து செய்தவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது. காரணம் மந்திரமல்ல. அவர்கள் வாரத்துக்குச் சராசரி 2.2 தடவை செய்தார்கள், வீட்டில் தனியாக விடப்பட்டவர்கள் 1.0 தடவைதான். சேர்ந்து செய்தவர்களிடம் சுறுசுறுப்பும் கூடியிருந்தது என்று அதே ஆய்வாளர்கள் பிறகு எழுதினார்கள். படித்த, சம்பளம் வாங்குகிற, ஆஸ்பத்திரியிலேயே வேலைபார்க்கிற பெண்களே தனியாக விட்டால் ஐந்துக்கு ஒன்றுதான் செய்தார்கள் என்றால், நம் ஊர்த் தாய்மாரை என்ன குறைசொல்ல முடியும்?

நேரிலா, திரையிலா என்ற கேள்வியையே ஆகவே சற்று மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. அவள் தனியாகச் செய்கிறாளா, துணையோடு செய்கிறாளா? திரையில் துணை இருந்தால் அது நேரில் தனித்து நிற்பதைவிட மேல். நேரில் வந்தும், ஒரு அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு யாரும் கேட்பாரில்லாமல் திரும்பினால், அந்த வருகையால் என்ன பயன்?

சாப்ளின் எழுதும்போது வேதத்தைத் தொடாமல் போவானேன் என்று நீங்கள் கேட்பீர்கள், சுருக்கமாகவே சொல்லுகிறோம். மத்தேயு எட்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் தொழுநோயாளியைத் தொட்டுச் சுகமாக்குகிறார். உடனே அடுத்து, நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனை அவன் வீட்டுப்பக்கமே போகாமல் சுகமாக்குகிறார். அதற்கடுத்து பேதுருவின் மாமியின் கையைத் தொடுகிறார். இரண்டு வகையும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கின்றன, எது பெரிது என்று சுவிசேஷகர் சொல்லவில்லை. ஆனால் தூரத்தில் கிடந்த அந்த வேலைக்காரனுக்காகவும் ஒருவர் நடந்து வந்து கேட்டிருக்கிறார்.

எங்கள் பிசியோதெரபி பிரிவினர் நல்லதென்று சொல்லுகிற வழி இது. முதல் தடவை நேரில் பரிசோதனை. அன்றே மூன்று நான்கு பயிற்சிகளை உடம்பைத் தொட்டுத் திருத்திக் கற்றுக்கொடுப்பது. மல்லாந்து படுத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, ஆமாம் என்று சொல்லுவதுபோல் தாடையை இலேசாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும்வரை நிறுத்துவது. இதுதான் ஆழத்தில் தளர்ந்துபோன அந்த முன்பக்கத் தசைகளை எழுப்புவது. பார்க்க விளையாட்டுபோல் இருக்கும், சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. மேலே உள்ள பெரிய தசைகள் வேலையைப் பறித்துக்கொள்ளும். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும். இதையும் திரை காட்டாது. பின்பு நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலையும் கையும் ஒன்றையொன்று தள்ள, இரண்டும் அசையாமல் நிற்பது. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது. ரப்பர் குழாயை மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குவது. கை மரத்தாலோ வலி கையில் இறங்கினாலோ நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பின் வாரம் ஒருமுறை திரையில். ஆனால் வீட்டில் தனியாக அல்ல, ஊரில் ஐந்தாறு பேர் கூடும் இடத்தில். பெண்கள் ஐக்கிய சங்கம் கூடுகிற அறை உள்ள ஊரில் அந்த அறை போதும். சபையாரும் சபையல்லாதாரும் சேர்ந்தே வரலாம், கழுத்து எல்லோருக்கும் ஒன்றுதான். இப்படிக் கூடினால், ஒருத்தி வராத வாரம் மற்றவர்கள் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடுகிறார்கள். சென்னையில் அந்த மையத்து ஊழியர்கள் மாத்திரை எண்ணப் போனது போலத்தான். மாதம் ஒருமுறை பிசியோதெரபிஸ்ட் நேரில் போய்ப் பார்ப்பது.

அரசாங்கமும் இந்தத் திசையில்தான் நடந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கு வருவதோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. நடக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உபகாரம். அங்கே கிடைக்கிறவர்களை நாங்கள் இங்கே இழுக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள் என்று நாங்களே அனுப்புகிறோம்.

கடைசியாக, பழைய செல்போன்களை அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு. வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டாம் என்று நினைக்கிறோம். ஒரு வாரத்தில் அது பேரன் கைக்குப் போய்விடும். ஊருக்கு ஒன்று போதும், ஆனால் முகம் தெரிகிற அளவுக்குத் திரை பெரியதாக, பேசினால் அறையின் கடைசியில் இருக்கிறவருக்கும் கேட்பதாக இருக்க வேண்டும். சார்ஜரையும், சாயாமல் நிறுத்தி வைக்கிற தாங்கி இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். விரித்துப் படுக்கக் கோரைப்பாய்கள் வேண்டும். ரப்பர் குழாய் அனுப்ப வேண்டாம். சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட டியூப்பை நீளவாக்கில் வெட்டிக்கொண்டால் அதே வேலையைச் செய்கிறது, கடைக்காரர் அதற்குக் காசும் வாங்குவதில்லை.